பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் ஆடு மேய்கிறது

நோய்ஸ்டாட்
3 மார்ச் 2024

அன்புள்ள யோகம் அக்காவுக்கு,

தம்பி நாதன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் எப்படி? உங்கள் மகன் இளங்கீரன் எப்படி? டெலிபோனில் கதைத்தால் உங்கள் காது மெஷின் கூவுகிறது. நான் மூன்று தரம் கத்த, நீங்கள் நாலாம் தரமும் "என்ன?" என்கிறீர்கள். அதனால் இனிக் கடிதம்தான். எழுதி அனுப்பினால் கேட்காத மாதிரி நடிக்கவும் உங்களுக்கு ஏலாது.

இங்கே ஒரே அமளி. எங்கள் கட்டடத்தின் தலையைக் கழற்றுகிறார்கள். ஆறு தட்டில் மேல் மூன்றும் வேண்டாமாம். ஜேர்மனியைப் பிரித்த சுவர் விழுந்த கையோடு தொழிற்சாலையைப் பூட்டினார்கள், இளசுகள் எல்லாம் உங்கள் மேற்குப் பக்கம் வந்துவிட்டார்கள், வெறும் வீட்டுக்கு ஆர் சூடு போடுவது என்று நகரசபை கேட்கிறது. இடித்துத் தள்ளுகிறார்கள் என்று நினைக்காதேங்கோ. கிரேன் வந்து ஒவ்வொரு சுவராகத் தூக்கி லொறியில் வைத்துக்கொண்டு போகிறது, முகம் துடைக்கிற லேஞ்சியை மடிக்கிற மாதிரி அவ்வளவு பக்குவம். ஐந்தாம் மாடியில் நாற்பத்தாறு வருசம் இருந்த குறூகர் மனுசி இப்போது என் எதிர்க்கதவு. நேற்றுப் பழக்கதோசத்தில் அவவைப் பார்க்க மேலே ஏறினேன். ஐந்தாம் மாடி இல்லை. வானம்தான் இருந்தது.

பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் ஆடு மேய்கிறது. விடிய அதுகளின் சத்தத்தில்தான் எழும்புகிறேன்.

பதில் போடுங்கோ. சாப்பாட்டைக் கவனியுங்கோ.

கொஸ்மொனோட்டன் தெருவிலிருந்து,
தம்பி நாதன்


ஹம்
21 மார்ச் 2024

அன்புத் தம்பி நாதனுக்கு,

அம்பாள் உன்னோடு இருப்பா. என் முழங்கால் மழைக்கு மழை உளைகிறது, மற்றப்படி குறையில்லை.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. கட்டின வீட்டை ஆராவது மேலே இருந்து கழற்றுவார்களா? இங்கே ஒரு அறை வாடகைக்கு எடுக்கச் சனம் வரிசையில் நிற்கிறது. இளங்கீரனோடு வேலை செய்கிற பெடியன் ஒருவன் கலியாணம் கட்டியும் வீடில்லாமல் தாயோடு இருக்கிறான். உன் ஊரில் வீட்டைத் தூக்கி லொறியில் ஏற்றுகிறார்கள் என்கிறாய்.

இளங்கீரன் தன் போனில் தேடிப் பார்த்தான். கொஸ்மொனோட்டன் தெரு என்று ஒன்று உங்கள் ஊரிலேயே இல்லையாம். கடித உறையின் பின்னால் லிண்டன் தெரு என்று ஒட்டியிருக்கிறாய், உள்ளே வேறொன்று எழுதுகிறாய். ஆட்டுக் கதையைச் சொன்னதும் அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். எனக்கு முகம் கறுத்துப்போயிற்று.

தம்பி, உன் பெண்சாதி சுலோஜனா கண்ணை மூடி இரண்டு வருசமாகத் தனியாகக் கிடக்கிறாய். அத்தானின் திவசத்துக்கும் நீ வரவில்லை. இங்கே வந்து எங்களோடு இரு. பிறஷர் குளிசை ஒழுங்காகப் போடுகிறாயா?

எப்போதும் உன் நினைவோடு,
அக்கா


நோய்ஸ்டாட்
9 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம் என்று எழுதவே கோபம் வருகிறது. ஆனாலும் நலம்தான்.

இளங்கீரனின் போனுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். நான் 93இல் இந்த ஊருக்கு வந்தேன். தெருக்களுக்கு அதற்கு இரண்டு வருசம் முந்தியே பெயர் மாற்றிவிட்டார்கள். பலகையைத்தான் மாற்றினார்கள், சனத்தின் வாயை ஆர் மாற்றினது? குறூகர் மனுசி, அவவின் புருசன், லோண்டரியில் என்னோடு வேலைக்கு நின்றவர்கள் எல்லாரும் பழைய பெயரைத்தான் சொன்னார்கள். லிண்டன் தெரு அவர்களுக்குக் கொஸ்மொனோட்டன் தெரு. பான்ஹோவ் அலே அவர்களுக்கு லெனின் அலே. நானும் அப்படியே பழகினேன். போன வருசம் பக்கத்துக் கட்டடங்கள் போனதும் இலக்கங்களையும் மாற்றினார்கள். பதினாலு இப்போது ஆறு. கடித உறையில் இருப்பது வீட்டுக் கொம்பனி தந்த ஒட்டு. அதைப் பார்த்துத்தான் நானே எழுதுகிறேன்.

அதோடு எங்கட ஆக்கள் எப்போது தெருப்பெயர் பார்த்தது? ஆரும் வழி கேட்டால் சந்தியைச் சொல்லுவோம், கடையைச் சொல்லுவோம், மதிலைச் சொல்லுவோம். அதனால்தான் போன கிழமை மாட்டுப்பட்டேன். கண் டொக்டரிடம் போனேன். கண்ணுக்குள் மருந்து விட்டதில் ஒன்றும் தெரியவில்லை, டாக்சி கேட்டேன். எங்கே இருக்கிறீர்கள் என்று அங்கே மேசையில் இருந்த பிள்ளை கேட்டாள். கொன்சும் கடைக்குப் பின்னால், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் என்றேன். கொன்சும் இடித்து ஐந்து வருசம். பள்ளிக்கூடத்தின் கதை உங்களுக்கு எழுதியிருக்கிறேன். தெருவைக் கேட்டாள், கொஸ்மொனோட்டன் தெரு என்றேன். அவள் இருபது வயதுப் பிள்ளை, என்னத்தைக் கண்டாள்? கொம்பியூட்டரில் ஏதோ எழுதினாள். பிறகு எல்லாரும் என்னோடு மெதுவாகவும் சத்தமாகவும் கதைத்தார்கள். எனக்குக் கோபத்தில் விசர் வந்ததுதான் மிச்சம்.

ஹம்முக்கு வரமாட்டேன். என் வீடு இது.

தம்பி நாதன்


ஹம்
4 மே 2024

அன்புத் தம்பிக்கு,

உன் தேகநிலை எப்படி? இங்கே வெயில் தொடங்கிவிட்டது.

நான் கேட்கிறதுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் எழுது. இன்று என்ன திகதி, என்ன கிழமை? நேற்றுக் காலையில் என்ன சாப்பிட்டாய்? ஊரில் எங்கள் வீட்டுக்கு இடப்பக்கம் ஆர் இருந்தது? அடுப்பை நிற்பாட்டிவிட்டுத்தான் படுக்கிறாயா? வெளியே போனால் திரும்பி வர எவ்வளவு நேரம் எடுக்கிறது? டொக்டரிடத்தில் எழுதின கடதாசி இருந்தால் அதையும் வைத்து அனுப்பு.

காரணம் ஒன்றும் இல்லை. அக்காவுக்குக் கேட்க ஆசை.

ஊன்ட்றொப் அம்பாள் கோயில் தேருக்கு வா. இளங்கீரன் ரெயில் ரிக்கற் எடுத்து அனுப்புவான்.

அக்கா யோகம்


நோய்ஸ்டாட்
27 மே 2024

மதிப்புக்குரிய பரீட்சைத் திணைக்களத்துக்கு,

இன்று திங்கட்கிழமை. காலையில் பாணும் பழைய மீன்குழம்பும். இடப்பக்கம் அம்புறோஸ் மாஸ்ரர், அவரிடம் அடி வாங்கினது நான், நீங்களில்லை. அடுப்பை நிற்பாட்டித்தான் படுக்கிறேன். வெளியே போய் வருகிற நேரம், குறூகர் மனுசி வாசலில் மறித்தால் இரண்டு மணித்தியாலம், மறிக்காவிட்டால் இருபது நிமிசம். டொக்டரின் கடதாசியும் உள்ளே இருக்கிறது, என் கண்ணில் பூ விழுந்த அழகைப் பாருங்கோ. பாஸா, ஃபெயிலா?

குறூகர் மனுசிக்கு ஒரு செய்தி கிடைத்தது. அவவின் ஐந்தாம் மாடிச் சுவர்கள் எங்கேயோ வேறு ஊருக்குப் போய் ஆருக்கோ வீடாகிவிட்டதாம். தான் சமைத்த குசினியின் ஜன்னலால் இப்போது ஆர் பார்க்கிறார்களோ என்று கேட்டு அழுதா. தேத்தண்ணி போட்டுக் குடுத்தேன்.

தேருக்கு வர ஏலாது. வருகிற மாதம் ஜன்னல் மாற்றுகிறார்கள், வீட்டில் ஆள் நிற்க வேண்டும்.

சுகத்தோடு இருங்கோ.
தம்பி


நோய்ஸ்டாட்
19 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. முழங்காலோ, கோபமோ? தேர் முடிந்து பிரசாதமாவது வருமென்று பார்த்தேன்.

அக்கா, எனக்கு நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கள்ளன் காடையன் என்று இல்லை. எனக்கு அறிவு தடுமாறுகிறதாம். அதனால் என்னைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை வைக்க வேண்டுமோ என்று விசாரிக்கப் போகிறார்களாம். பெட்ரொயுங் என்று பெயர். அந்த ஆள் வந்துவிட்டால் எனக்குப் பதிலாக அவர் கையெழுத்து வைப்பார், நான் எந்த வீட்டில் இருப்பது என்று அவர் தீர்மானிப்பார். முப்பத்தொரு வருசம் நானே வாடகை கட்டி, நானே கோப்பை கழுவி இருந்த வீட்டிலிருந்து என்னை ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் இருத்தலாம். எனக்கு எழுபத்தொன்றுதான்.

ஆரோ எழுதிக் குடுத்திருக்கிறார்கள். ஆர் என்று கடிதத்தில் இல்லை. கண் டொக்டரின் அந்தப் பிள்ளையா? வீட்டுக் கொம்பனியா? மிச்ச மூன்று தட்டையும் கழற்ற ஆசைப்பட்டு என்னை எழுப்பப் பார்க்கிறார்களோ? மூன்று நாளாக நித்திரை இல்லை. ஒவ்வொருவர் முகமாகப் பார்க்கிறேன், நீயோ, நீயோ என்று. குறூகர் மனுசியைக்கூட ஒரு நாள் சந்தேகப்பட்டுக் கதவைத் திறக்கவில்லை. அவ கேக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனா. வெட்கமாகப் போயிற்று.

இளங்கீரன் ஜேர்மன் கடதாசி வேலையில் கெட்டிக்காரன். இதை அவனுக்குக் காட்டுங்கோ. என்ன செய்யலாம் என்று கேட்டு எழுதுங்கோ. எனக்கு வேறு ஆர் இருக்கிறார்கள்?

கெதியாகப் பதில் போடுங்கோ.
தம்பி நாதன்


ஹம்
9 செப்டெம்பர் 2024

அன்புத் தம்பி நாதனுக்கு,

நீ சுகமாயிருக்க வேண்டுமென்று அம்பாளைக் கும்பிடுகிறேன். தேர் நல்லபடி நடந்தது. இந்தமுறை சரியான சனம், கார் விட இடமில்லை. கனடாவிலிருந்து துவாரகன் குடும்பம் வந்தது, உன்னைக் கேட்டார்கள். பொங்கல் போட்ட இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. என் முழங்காலுக்கு அக்டோபரில் ஒப்பரேசன் வைத்திருக்கிறார்கள். இளங்கீரனுக்கு வேலை கூட, முகம் பார்க்கக் கிடைப்பதில்லை. மகளுக்குப் பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறான். கத்தரிக்காய் இந்த வருசம் சரியாகக் காய்க்கவில்லை.

நீதிபதி வந்தால் மரியாதையாகக் கதை. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல். எல்லாம் நல்லதுக்குத்தான் நடக்கும்.

அக்கா


நோய்ஸ்டாட்
14 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஒப்பரேசன் சுகமாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். மருந்தைக் குடியுங்கோ, எழும்பி எழும்பி குசினிக்குப் போகாதேங்கோ.

வென்றுவிட்டேன் அக்கா! கேளுங்கோ.

முதலில் ஒரு நரம்பு டொக்டர் வந்தார். மணிக்கூடு ஒன்று கீறச் சொன்னார், கீறினேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கழித்துக்கொண்டே போக, போதும் என்றார். பிறகு வியாழக்கிழமை பத்து மணிக்கு நீதிபதி சந்திக்கிற தெர்மின். வீட்டுக்கே வந்து கதைப்பார்களாம். நான் சேட்டு அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு ஜன்னலடியில் நின்றேன். பத்தேகால் ஆயிற்று, பத்தரையாயிற்று. ஆளைக் காணவில்லை. பார்த்தால், புல்வெளி நடுவில், ஆடுகளுக்கு மத்தியில், கையில் ஃபைலோடு ஒரு இளம் பொம்பிளை நிற்கிறா. அவதான் நீதிபதி, ஹனோவர் பக்கத்து ஆள், இந்த ஊருக்கு வந்து ஆறு மாதமாம். போனுக்குப் பழைய இலக்கம்தான் தெரியுமாம், ஆறு என்று போட, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று பழைய ஆறாம் இலக்கம் நின்ற அந்தப் புல்லில் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

நான் இறங்கிப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். வருகிற வழியில் கொன்சும் இருந்த இடம், பள்ளிக்கூடத்தின் வாசல் இருந்த இடம், பொலிகிளினிக் இருந்த இடம் எல்லாம் காட்டினேன். அவவின் சப்பாத்தெல்லாம் ஆட்டுப் புழுக்கை. குறூகர் மனுசி துணி கொண்டுவந்து துடைத்துக் குடுத்து, கூப்பிடாமலே உள்ளுக்கு வந்து இருந்துவிட்டா.

எங்கே வசிக்கிறீர்கள் என்று நீதிபதி கேட்டா. எந்த வருசத்துப் பெயர் வேண்டும் என்று நான் கேட்டேன். நீதிபதி சிரித்தேவிட்டா. பிறகு குளிசை, வாடகை, அடுப்பு எல்லாம் விசாரித்தா. எழும்பும்போது சொன்னா: "இந்த இடத்தில் வழி தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான் போலிருக்கிறது. பெட்ரொயுங் தேவையில்லை என்று எழுதப்போகிறேன்."

வயதில் ஒரு வருசம் குறைந்தது போலிருக்கிறது. இன்னும் ஒரு வேலை இருக்கிறது. நான் கேட்டால் ஃபைலைப் பார்க்க விடுவார்களாம். குறூகர் மனுசி வாசித்துச் சொல்ல வருகிறா. ஆர் எழுதிக் குடுத்ததென்று பார்க்கத்தானே வேண்டும்?

சந்தோசத்தோடு,
நாதன்


நோய்ஸ்டாட்
6 நவம்பர் 2024

அக்கா,

ஃபைலைப் பார்த்தேன். அன்ட்ராக் விண்ணப்பத்தின் அடியில் உங்கள் கையெழுத்து. தமிழில், யோகம் என்று.

அதன் பின்னால் என் கடிதங்கள். இளங்கீரன் ஜேர்மனில் மொழிபெயர்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போட்டிருக்கிறான். குறூகர் மனுசி சத்தமாக வாசித்தா. வானம்தான் இருந்தது என்ற இடத்தில் கண்ணைத் துடைத்தா. அக்காவுக்கு எவ்வளவு வடிவாக எழுதியிருக்கிறீர்கள் என்றா. நான் ஃபைலை மூடினேன்.

உங்களைச் சிரிக்க வைக்க நான் எழுதின இடத்துக்கெல்லாம் கீழே கோடு. ஆட்டுக்குக் கோடு. லேஞ்சிக்குக் கோடு. பரீட்சைத் திணைக்களத்துக்கு இரண்டு கோடு.

இனி எனக்கு எழுத ஒன்றும் இல்லை.

கதிர்காமநாதன்


ஹம்
24 நவம்பர் 2024

அன்புத் தம்பி நாதனுக்கு,

சுகம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன், சுகமா?

செய்தது நான்தான். இளங்கீரன் எழுதினான், சொன்னது நான். உனக்கு அத்தானின் கதை முழுக்கத் தெரியாது. நாங்கள் சொன்னது மாரடைப்பு என்று. அது மாரடைப்பில்லை, தம்பி. முதலில் அவருக்கு வழி தடுமாறத் தொடங்கினது. கடைக்குப் போனவர் அடுத்த தெருவில் நின்றார், நான் பகிடி பண்ணினேன். இல்லாத கட்டடத்தைச் சொன்னார், இல்லாத ஆட்களைச் சொன்னார், நானும் இளங்கீரனும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒரு தை மாதக் குளிரில் வெறும் சேட்டோடு வெளியே போனார். இரண்டு நாள் கழித்துக் கால்வாய்க் கரையில் எடுத்தார்கள். சிரித்துக்கொண்டிருந்துவிட்டேனே என்று ஒவ்வொரு நாளும் என்னை நானே கொல்கிறேன்.

உன் கடிதத்தில் ஐந்தாம் மாடி இல்லை, வானம்தான் இருந்தது என்று வாசித்ததும் எனக்கு அத்தான் சொன்ன கட்டடங்கள் ஞாபகம் வந்தது. இந்தமுறை சிரிக்கக்கூடாது என்று நினைத்தேன். உனக்குச் சொன்னால் சண்டை பிடிப்பாய், வரமாட்டாய். அதனால் மறைத்தேன். நீ ஆர் எழுதினதென்று என்னிடமே கேட்டு எழுதின அன்று நான் சாப்பிடவில்லை. பதிலில் கத்தரிக்காயைப் பற்றி எழுதினேன்.

நீ சொன்ன ஒவ்வொன்றும் உண்மை என்று இப்போது தெரிகிறது. என்னை மன்னிக்க வேண்டாம், பதில் மட்டும் போடு.

அக்கா


ஹம்
15 டிசம்பர் 2024

தம்பி,

பதில் இல்லை. சுகமோ என்று மட்டும் ஒரு போஸ்ட்காட்டில் எழுதிப் போடு. நீ என்னை ஏசினாலும் பரவாயில்லை.

அக்கா


நோய்ஸ்டாட்
8 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு சுகம். மனம் இப்போதுதான் கொஞ்சம் இறங்கினது. உங்கள் புது முழங்கால் நடக்கிறதா?

இரண்டு மாதம் உங்களோடு கோபித்துக்கொண்டு இருந்தேன். பத்துக் கடிதம் எழுதிக் கிழித்தேன், எல்லாம் ஏச்சுத்தான். அத்தானைப் பற்றி நீங்கள் எழுதினதை வாசித்தபின் ஏச்சு வரவில்லை. அதை எனக்கு அப்போதே சொல்லியிருக்கலாம். நானும் ஒன்று சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் கத்தரிக்காய்க் கடிதம் போட்ட அந்தக் கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை. பால் வாங்கிக்கொண்டு வந்தேன். வழி பிழைக்கவில்லை. கட்டடம் நின்ற இடத்தில் நின்றது, அன்று ஒன்றும் கழற்றவில்லை, ஒரு பலகையும் மாற்றவில்லை. உள்ளே வந்து தபால்பெட்டிகளுக்கு முன்னால், பெட்டி திறக்கிற திறப்போடு நின்றேன். எட்டுப் பெயர் இருந்தது. எட்டையும் வாசித்தேன். என் பெயரையும் வாசித்தேன். அதில் எது நான் என்று தெரியவில்லை.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பால் கையில் சூடாகிவிட்டது. பிறகு மேலே ஒரு கதவு சாத்தின சத்தம் கேட்டது, எல்லாம் திரும்பி வந்தது. அதுக்குப் பிறகு இன்னொரு தரமும் அப்படி வந்தது, போன கிழமை. நீதிபதி மறதி இருக்கிறதா என்று கேட்டபோது இல்லை என்றேன். டொக்டருக்கும் சொல்லவில்லை. குறூகர் மனுசிக்கும் சொல்லவில்லை. இந்த ஊரில் எல்லாம் இடம் மாறுவதால் எதைச் சொன்னாலும் ஊரின் தலையில் போடலாம். இதைப் போட ஏலாது.

நான் நன்றாகப் பயந்துபோயிருக்கிறேன், அக்கா. ஒப்பரேசன் ஆறினதும் வாங்கோ. வந்து என்னோடு கொஞ்ச நாள் இருங்கோ. டொக்டரிடம் நானே போகிறேன், நீங்கள் பக்கத்தில் இருந்தால்.

இதை நீங்கள் மட்டும் வாசியுங்கோ. இளங்கீரனிடம் குடுக்காதேங்கோ.

தம்பி